தின்னர் வாடை

பெயிண்ட் டப்பாவில் அச்சிட்டிருப்பது ஒன்று, அறையில் வீசுவது வேறொன்று என்றால் நான் எதை நம்பிக் கையெழுத்திடுவது?

ஓசூர் ஆலையொன்றின் புதிய அலுவலகத்தைப் பசுமைக் கட்டடச் சான்றுக்காக ஆய்வு செய்ய, ஒரு நாள் முன்னதாகவே சென்றுவிட்டேன். நச்சு ஆவி குறைந்த வண்ணம்தான் பூச வேண்டும் என்பது விதி. மூடியிருந்த அறையைத் திறந்ததும், பெயிண்டை இளக்கக் கலக்கும் தின்னரின் இனித்த வாடை முகத்தில் அடித்தது.

என் சிறுவயதில், மத்திகிரி வாடகை வீட்டில் அது அப்பாவின் வாடை. வேறோர் ஆலையில் வண்ணம் தெளிப்பவர் அவர். வேலை முடிந்து வந்ததும் அவர் சட்டையில் முகம் புதைப்பேன்.

“வெளியவே கழட்டிப் போட்டுட்டு வாங்க, புள்ள மூஞ்சிய வச்சுத் தேய்க்கிறா!” என்று அம்மா கத்துவார்.

ஒருநாள் மாடிப்படியின் பாதியில் அப்பா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். விளையாட்டென்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“டப்பாவப் பாருங்க மேடம், எல்லாம் முத்திரை போட்டது,” என்றார் அறை வாசலில் என்னோடு நின்ற ஒப்பந்ததாரர்.

“அப்புறம் இது என்ன வாடை?”

“மரப்பலகைக்கு மட்டும் சாதா எனாமலுங்க. நாளைக்குள்ள வாடை போயிரும்.”

உள்ளே பெயிண்டர் சுவரில் சாய்ந்து நின்றார். “தலை சுத்துதுங்க. ஜன்னலத் தொறந்தா தூசி ஒட்டும்னு தொறக்க விடல.”

ஜன்னல்களைத் திறந்து அவரை வெளியே அழைத்துவந்தேன். சான்றுக்குப் பரிந்துரைக்கவில்லை.

அன்றிலிருந்து வண்ணம் காய்ந்த பிறகல்ல, பூசும் நாளிலேயே ஆய்வுக்குச் செல்கிறேன்.