அதிமதுர விதையும் உப்புத்தாள் அண்ணனும்

நாற்றுப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தட்டில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. மேற்பார்வையாளர் வருகிற அன்று காலையில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு முளை பச்சையாக நிற்கிறது. கடவுள் இரங்கிவிட்டார் என்று கும்பிட்டேன். பக்கத்துத் தட்டில் அத்தனை குழி காலியாக இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அது உப்புத்தாள் அண்ணனுடைய தட்டு.

சட்டைப் பையில் எப்போதும் மரம் தேய்க்கிற உப்புத்தாள் ஒரு துண்டு வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர். விதை அறையில் நாங்கள் இரண்டே பேர். அவருக்கு வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். எனக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு, படுக்கையில் வீட்டுக்காரர்.

அந்த வருஷம் இருமல் மருந்து செய்கிறவர்களுக்கு அதிமதுர நாற்று தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். அதிமதுரமும் அவரைக்காய்ச் செடி இனம்தான். ஆனால் விதைத்தோல் கல் மாதிரி, தண்ணீர் உள்ளே இறங்காது. அப்படியே போட்டால் நூற்றுக்குப் பத்து வந்தாலே பெரிது.

"இது முளைச்சு வரலைன்னா விதை அறையைப் பூட்டிடுவேன்" என்றார் முதலாளி.

அண்ணன் வெந்நீரில் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் தேறியது. பிறகு இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து ஊறப்போட்டார். மறுநாள் முக்கால்வாசி உப்பியிருந்தது.

"பளபளப்பு போனதும் நிறுத்திடணும்மா. தோல்தான் கீறணும், உள்ளே பருப்புல படக் கூடாது."

நான் கேட்டேனா? இருந்த விதையில் பாதியைத் தேய்த்து வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். இன்னும் தேய்த்தால் இன்னும் நன்றாக வருமே என்று நான் எடுத்துக்கொண்டேன். வாயில் பிரார்த்தனை, கையில் உப்புத்தாள். பிரார்த்தனை நீளமானது. வாளியில் ஊறப்போட்டதில் எல்லாம் பிளந்து, மூன்றாம் நாள் அழுகி நாறியது.

அண்ணன் வாளிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, சாமிகிட்ட பேசும்போது கையைச் சும்மா வச்சிருக்கக் கூடாதா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மீதிப் பாதியை எதிரும் புதிருமாக உட்கார்ந்து தேய்த்தோம். நான் கொஞ்சம் அழுத்தினாலும் "போதும், போதும்" என்பார். ஒன்பதாம் நாள் நூற்றுக்கு எழுபது முளைத்து நின்றது.

முதலாளி அறையைப் பூட்டவில்லை. ஆனால் கேட்டதில் பாதி நாற்றுதான் தர முடிந்தது. அதனால் இனி அங்கே ஒரு ஆள் போதும் என்றுவிட்டார். கெடுத்தது நான், போக வேண்டியதும் நான்தான். அதைச் சொல்ல முதலாளி அறைக்குப் போனேன். உள்ளே அண்ணன் நின்றிருந்தார்.

"எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க. விதையைத் தேய்ச்சது போதுமா இல்லையான்னு தெரியலை. வாளி வாளியா அழுகினது அதனாலதான். அந்தம்மாவுக்குக் கை நல்லாப் பழகியிருக்கு."

சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். இன்றைக்கும் அதற்காக மன்னிப்புக் கேட்டுத்தான் கும்பிடுகிறேன்.

மகள் வீட்டுக்கு அண்ணன் கிளம்பின அன்று பேருந்து நிலையம்வரை கூடப் போனேன்.

"உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு அண்ணே? ஏன் அப்படிப் பொய் சொன்னீங்க?"

தூரத்தில் ஒரு பேருந்து திரும்பி வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அதை விடு. வர்ற வண்டியில என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லும்மா, எனக்குத் தெரியலை."