விடுபட்ட இரண்டு சொற்கள்

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். கேட்பவர் தாமே பொருளை நிரப்பிக்கொள்ளட்டும் என்று ஒரு தொடரை அரைகுறையாக விட்டவள் நான். அதை மறுமுறை செய்ய எனக்கு உரிமையில்லை.

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், தந்தையின் தொழிலை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லவேண்டும் என்றார் ஆசிரியை. என் அப்பா மயானத்தில் பிணம் எரிக்கும் பணியில் இருந்தார். அதன் வாயிற்பலகையில் 'எரிவாயு தகன மேடை' என்று எழுதியிருக்கும். மூன்று சொற்களில் முதலிரண்டை விட்டுவிட்டு, "மேடையில வேலை, டீச்சர்" என்றேன்.

"பாட்டா, நாடகமா?" என்று ஆசிரியை முகம் மலர்ந்து கேட்டார். எப்படியும் பொருள்கொள்ளும்படி தலையை ஆட்டினேன்.

மேடு என்பதிலிருந்து வந்தது மேடை. மணமக்கள் அமர்வதும் மேடை. ரயிலுக்குக் காத்து நிற்பதும் மேடை. நான் சொன்ன சொல்லில் பிழையில்லை. அந்த வயதிலேயே இந்தச் சமாதானம் எனக்குக் கைவந்திருந்தது.

ஆண்டுவிழா நெருங்கியபோது அப்பாவை அழைத்துவரச் சொன்னார்கள். எதற்கென்று நான் வீட்டில் சொல்லவில்லை. அவர் குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார்.

"பெரிய மேடைக் கலைஞராமே நீங்க? விழாவுல பசங்களுக்காக ஏதாச்சும் பண்ணணும்" என்றார் ஆசிரியை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன்.

"கலைஞர்லாம் இல்ல டீச்சர். ஆனா ஒண்ணு, நம்ம மேடைல ஏறுனவங்க ஒருத்தரும் எறங்குனது கெடையாது."

அதைக் கலைப்பற்று என்று கொண்டு ஆசிரியை சிரித்தார். அவரைவிட உரக்கச் சிரித்தவள் நான். "அன்னிக்கு வேலை கீது, டீச்சர்" என்று அப்பா விடைபெற்றார்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி முழுவதும் கடந்தபின், "போர்டுல முன்னாடி ரெண்டு வார்த்தை கீதே, அது எங்க தொலைஞ்சுது, கண்ணு?" என்றார். குரலில் கோபமில்லை. கேட் திறந்ததும் நான் அவருக்கு முன்னால் நடந்தேன்.

விழாவன்று நான் ஒரு செய்யுள் ஒப்பித்தேன். முடிக்கும் தறுவாயில், பின்சுவரோரம் வேலை உடுப்போடு அப்பா நிற்பதைக் கண்டேன். இறங்கினால் அருகில் வந்துவிடுவாரோ என்று அஞ்சி, அவர் போகட்டும் என மேடையின் ஓரத்திலேயே நின்றேன். அடுத்த பாட்டும் முடிந்தது, அவர் போகவில்லை. வேறு வழியின்றி இறங்கினேன். என் கால் தரையில் பட்டதும் அவர் திரும்பி நடந்தார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்றே அன்று நினைத்தேன். ஆசிரியையிடம் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதும் அப்போது எனக்கு எட்டவில்லை.

நான் இறங்கும்வரை அவர் ஏன் நின்றார் என்பது எனக்குத் தெரியாது. ஒருமுறையும் நான் கேட்கவில்லை.