பீங்கானில் போட்ட சோறு

ஐம்பத்தெட்டாம் ஆண்டுச் சிங்கள-தமிழ்க் கலவரத்தில் அடிபட்டு, கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது அல்பேர்ட்டின் வலது கை தோளோடு செத்துத் தொங்கியது. அக்கா யூலிற்றா அவனை முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கணவனைக் கடல் கொண்டுபோய்ப் பத்து வருடம், பிள்ளைகள் இல்லை. தம்பியைத் தவிர அவளுக்கு ஒருவரும் இல்லை.

கோயில் பங்குமனைக் குசினி அவள் பொறுப்பில் இருந்தது. விடியப் பூசை முடிந்து அடுப்பு மூட்டினால், தூரத்தால் வந்தவர்கள், நோயாளிகள், போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாருக்கும் சோறு போட்டுப் பானை கழுவி முடியப் பொழுது சாய்ந்துவிடும். அதன் பிறகு வீட்டில் தம்பிக்கு உலை வைப்பாள்.

அடுத்த வருடம் சோளகக் காற்றுத் தொடங்கியதும், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள மீனவர்கள் வழக்கம்போல வந்து கரையில் ஓலைக் குடில்களாக வாடி போட்டார்கள். அவர்களும் வேதக்காரர்கள்தான். முன்பெல்லாம் கோயிலில் ஊராரோடு ஒரே வாங்கில் அமர்ந்தவர்கள், இம்முறை பின்வாசலில் நின்று பூசை கண்டுவிட்டுப் போனார்கள். ஊராரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்குச் சுவாமியாருக்கு அது பொறுக்கவில்லை.

"வாற ஞாயிறு அவையளும் எங்களோடை இருந்து சாப்பிடட்டும். முப்பது பேருக்குக் கூடப் போடு பிள்ளை."

"ஓம் சுவாமி" என்றாள் யூலிற்றா. அவரிடம் வேறு சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

குசினியில் அவளுக்கு உதவியாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுசிலா சிரித்தாள். "சமாதானம் சுவாமிக்கு, சோறு அவங்களுக்கு. பானை கழுவுறது எங்களுக்கு, என்னக்கா?"

வீட்டில் அதைக் கேட்ட அல்பேர்ட் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு அவிச்ச கையாலை எனக்குச் சோறு வேண்டாம். நீ அவி. நான் உடையார்கட்டிலை ஐயாத்துரையின்ரை தோட்டத்துக்குக் காவலுக்குப் போறன்."

"ஒரு கையாலை என்னத்தையடா காவல் காப்பாய்?"

"நாய்க்கு எத்தினை கை?"

ஞாயிற்றுக்கிழமை அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பங்குமனைக்குப் போனாள். போகாமலும் இருக்க முடியவில்லை. வரப்போகிறவர்கள் விருந்தாளிகள் என்பதால் கன்னியர் மடத்திலிருந்து சோறு போடும் பீங்கான் கோப்பைகளை இரவல் வாங்கித் துடைத்து வைத்தாள். ஊராருக்கு வாழை இலை போட்டாள்.

மீனவர்கள் வந்தார்கள். பந்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருந்த சம்மாட்டி மார்சலினுக்குத் தமிழ் தெரியும்.

"நாங்க தேத்தண்ணிக் கடையில பாத்ததுதானே, அக்கா" என்றான் மெதுவாக. "தள்ளி வைக்கிற ஆளுக்கு வேற கோப்பை."

 யூலிற்றா மரியாதைக்குச் செய்தது இப்படிப் போய்விட்டது.  ஒரு பீங்கானை எடுத்தாள். சோறும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டு, மார்சலினுக்காக விரித்திருந்த பாயில் போய் இருந்து, குனிந்தபடி சாப்பிடத் தொடங்கினாள். ஆண்கள் முன்னால் அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. பிடி பிடியாக உருட்டினாள். விழுங்கினாள்.

இலைப் பந்தியில் இருந்த கிழவர் இளையதம்பி தொண்டையைச் செருமினார். "எனக்கும் உதிலை ஒண்டு தா பிள்ளை. இந்த இலையிலை சொதி நிக்குதில்லை, வேட்டிக்கு ஓடுது."

யாரோ சிரித்தார்கள். மார்சலின் அவளுக்குப் பக்கத்தில் பாயில் வந்து இருந்தான், மற்றவர்களும் இருந்தார்கள். ஊராரில் பாதிப்பேர் எழும்பிப் போனார்கள். மீதிப்பேர் இருந்து சாப்பிட்டார்கள். சுவாமியார் அதுவே போதும் என்றார்.

பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். கால் கடுத்தது. வெறும் வீட்டைத் திறக்கப் பயமாக இருந்தது.

முற்றத்தில் புகை எழும்பியது. மூன்று கல் வைத்து, இடது கையால் அல்பேர்ட் சோறு கிண்டிக்கொண்டிருந்தான். அடிப்பிடித்த மணம் வந்தது. கட்டிய பெட்டி வாசலில் கிடந்தது.

"பஸ் போயிட்டுது" என்றான், அவளைப் பாராமல்.

 அவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் அவனுக்குப் பஸ் தவறியது. அதற்கடுத்த ஞாயிறும் தவறியது. அவள் கையால் மட்டும் அவன் சாப்பிடவில்லை. ஒற்றைக் கையால் கோடரி பிடிக்க முடியாதென்பதால், பங்குமனைக்குப் புறப்படுமுன் அவனுடைய அடுப்புக்கும் விறகு கொத்திவைத்துவிட்டுப் போனாள்.