டீசலில் விழுந்த தீர்த்தம்: ராமநாதபுரம் முதல் மண்டபம் வரை பட்டாள லாரியில்

அன்றைக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். பேர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஆளை மாற்றிச் சொல்ல முடியாது. என் அய்யா முத்திருளாண்டி, மெக்கானிக். என் தாய்மாமன் சேதுராமு, லாரி டிரைவர். லாரிக்கும் அதில் ஏற்றியிருந்த ஜெனரேட்டருக்கும் சொந்தக்காரர், கீழக்கரை காதர் மரைக்காயர். மண்டபத்தில் மீனோடு காத்திருந்த தங்கச்சிமடத்து அந்தோணி. அப்புறம் நான், பூரணம், வயது பன்னிரண்டு. மற்ற நாலு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

ஆண்டு ஐம்பத்தெட்டு, ஆனி மாதம். போன மாதம் என் பேத்தி இதே பத்திரிகைப் பக்கத்தில், ராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்குக் காரில் முக்கால் மணி நேரத்தில் போனதாக எழுதியிருந்தாள். அதே இருபத்து நாலு மைலுக்கு எங்களுக்கு நாலே முக்கால் மணி நேரம் ஆனது. பழைய வண்டியோ டீசல் எஞ்சினோ வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்ததும் உச்சிப்புளிப் பக்கம் விமான மைதானத்தில் கிடந்த தளவாடங்களை ஏலம் விட்டார்கள். அதில் கைமாறிக் கைமாறி வந்த ஒரு லாரியையும் ஒரு டீசல் ஜெனரேட்டரையும் மரைக்காயர் வாங்கினார். மண்டபத்தில் மீனுக்கு ஐஸ் அறை கட்டியிருந்தார். கரண்டுக்கு இந்த எஞ்சின். அய்யா யுத்த காலத்தில் அந்த மைதானத்தில் கூலிக்கு மண் சுமந்தவர். வெள்ளைக்காரன் எஞ்சின் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே தொழில் கற்றுக்கொண்டார். மரைக்காயர் அவரிடம் சொன்னது இதுதான்: கொண்டுபோய் இறக்கி, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டிக் காட்டினால் மண்டபத்தில் நிரந்தர வேலை, ஐஸ் அறைக்குப் பின்னால் ஓட்டு வீடு.

அந்த வீட்டுக்குப் பள்ளிக்கூட மணி கேட்கும். நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்பு எனக்கு மண்டபத்தில்தான் என்று அய்யாவே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

என்னை எதற்குக் கூட்டிப்போனார்கள் என்று கேட்பீர்கள். டீசல் எஞ்சினில் குழாய்க்குள் காற்று நின்றால் ஓடாது. ஒருவர் டீசலை வடிகட்டுகிற பில்டர் மேல் திருகாணியைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை நுரையாக வந்து, நுரை நின்று, சுத்தமான டீசல் வரும்போது திருகாணியை முடுக்க வேண்டும். பம்பு அடிக்கிற வேலை என்னுடையது. அந்த அடியை என் கை இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம், மரைக்காயரும் எங்களோடு ஏறிக்கொண்டார். முந்தின நாளே அய்யா ஜெனரேட்டர் டேங்கை மண்ணெண்ணெயில் அலசி, வேட்டித் துணி நாலு மடிப்பில் டீசலை வடிகட்டி ஊற்றி வைத்திருந்தார். லாரி அமெரிக்காக்காரன் வண்டி, ஸ்டீரிங் இடது பக்கம். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அது பெட்ரோலில் ஓடுவது. ஆறாவது மைலில் வெயில் ஏறியதும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து வண்டி நின்றது. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி அரை மணி நேரம் காத்திருந்தோம். வேறு வைத்தியம் இல்லை.

ஏழே முக்காலுக்கு உச்சிப்புளி. ரேடியேட்டரில் ஒழுக்கு. அய்யா ஒரு பிடி மஞ்சள்தூளை உள்ளே போட்டார். அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். குடத்தில் கொண்டுவந்த நல்ல தண்ணீரை ஊற்றினார். எஞ்சின் ஆறுவதற்காக எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள், டீ ஆறு நயா பைசா. நான் லாரி மேல் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா மட்டும் திரும்பி வந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்தார். போன அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்க் கொண்டுவந்த அக்கினி தீர்த்தம். அக்கினி தீர்த்தம் என்றால் கோயிலுக்கு எதிரே இருக்கிற கடல்தான். எங்கள் பக்கம் புது வண்டிக்குத் தெளிப்பார்கள், புதுக் கிணற்றில் விடுவார்கள். மாமா ஜெனரேட்டருக்குத் திருநீறு பூசினார். அப்புறம் டேங்க் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மூன்று கை விட்டார். மிச்சத்தையும் கவிழ்த்தார்.

"புது எடத்துக்குப் போற எஞ்சினு தாயி. தீர்த்தம் விட்டாத்தேன் நிக்காம ஓடும். உங்கய்யாட்டச் சொல்லிறாத, அவரு சாமியவே ஸ்பேனரு போட்டுத் திருகுற ஆளு."

நான் சிரித்தேன். சொல்லவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மண்டபம் சேரும்போது மணி ஒன்பதே முக்கால். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. அந்தோணி மூன்று வல்லப் படகுகளின் மீனை இறக்கி, ஈர ஓலைப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தார். அய்யாவைப் பார்த்ததும், "பட்டாளத்துக்காரன் விட்டுட்டு ஓடுனத நீரு ஓட்டிக் காட்டப் போறீராக்கும். என் பாறை மீனு நாறுறதுக்குள்ள காட்டும்வே" என்றார். அய்யா சிரித்துக்கொண்டே திருகாணியைத் தளர்த்தினார், நான் பம்பு அடித்தேன்.

பத்தரைக்கு எஞ்சின் பிடித்தது. பல்பு எரிந்தது. மரைக்காயர் கடிகாரத்தைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இருபது நிமிடம் ஓடியது. அப்புறம் விக்கல் எடுத்தது, வெள்ளைப் புகை தள்ளியது, நின்றது. மறுபடி காற்றை எடுத்தோம், எட்டு நிமிடம். மூன்றாம் தடவை இரண்டு நிமிடம். நாலாம் தடவை கைப்பிடியைச் சுற்றியும் குழாய் நுனிக்கு ஒரு சொட்டு வரவில்லை. டீசல் பம்பின் உள்ளே தண்ணீர் போய், பம்பு இறுகிவிட்டது. அதற்கு மாற்றுச் சாமான் மதராஸிலிருந்துதான் வர வேண்டும்.

அய்யா பில்டருக்கு அடியில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது. உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தார். அவர் கண் நேரே டிரைவர் சீட்டுக்குப் போனது, அங்கே கிடந்த காலிச் செம்புக்கு. அப்புறம் மாமாவுக்கு. மாமா ஏற்கெனவே கட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

மரைக்காயரும் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்குதே முத்திருளாண்டி. யாரு வேலை இது? சொல்லும். செஞ்சவன் இனிமே என் லாரியத் தொடக்கூடாது."

நான், "மாமாதேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். மா என்பதற்குள் அய்யா, "பூரணம், அங்கன போயி அந்தச் சாக்க எடுத்தா" என்றார். அந்தக் குரலுக்கு நான் நடந்தேன். பத்தடிதான், காது கேட்டது.

"நாந்தேன் மொதலாளி. நல்ல தண்ணி இல்ல, உப்புக் கெணத்துத் தண்ணியில டேங்கக் கழுவிட்டேன். சரியாத் தொடைக்கல."

மண்ணெண்ணெயில் கழுவின மனிதர் சொன்ன பொய் அது. மரைக்காயர் விரலைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"உப்புத் தண்ணியில டேங்கு கழுவுற ஆளுக்கு என்கிட்ட வேலை இல்ல. போயிட்டு வாரும்."

மாமா கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். அந்தோணி உப்பு மூட்டையைப் பிரித்தார். "சரி, எல்லாம் கருவாடாச்சு" என்றார், எங்களைப் பார்க்காமல்.

மாமா லாரியில் திரும்பினார், நாங்கள் ரயிலில். அய்யாவுக்கு ஒரு டிக்கெட், எனக்கு அரை டிக்கெட். உச்சிப்புளி தாண்டியதும் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"அவனுக்கு அஞ்சு புள்ள. ஒங்காத்தா கூடப் பொறந்தவன். எனக்கென்ன, ஸ்பேனரு இருந்தா எங்கனயும் பொழச்சுக்கிருவேன்."

"எனக்கு?"

"ஒனக்கென்ன? பொட்டப்புள்ள, அஞ்சு படிச்சது போதும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பதிலோடு என் படிப்பு முடிந்தது. அடுத்த வைகாசியில் பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போனேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர் இரண்டு குடம் ராமநாதபுரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள், கடற்கரைத் தண்ணீரை நம்பாதீர்கள். பழைய ஜெனரேட்டரானால் காலையில் கிளப்பும் முன்பு டேங்கின் அடித் திருகாணியைத் திறந்து ஒரு டம்ளர் வடித்துப் பாருங்கள். முத்து உருண்டால் தண்ணீர். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மடியில் வையுங்கள். தீர்த்தம் தெளிப்பதானால் டயரில் தெளியுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

மாமா பதினோரு வருஷம் அந்த லாரியை ஓட்டினார். சாகிற அன்று என் கையைப் பிடித்து, நல்லது நினைத்துத்தான் ஊற்றினேன் தாயி என்று அழுதார். பயத்தில் வாய் கட்டிப்போன மனிதர். அவரை விட்டுவிட்டேன். மரைக்காயர் கேட்க வேண்டியதைக் கேட்டார், அவர் மேல் குறையில்லை. நாக்கில் உப்பைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் தெரிந்து, யாருடைய பிழைப்பைக் காப்பது, யாருடைய படிப்பை விடுவது என்று ஒரு நொடியில் கணக்குத் தீர்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை உத்தமர் என்று சொல்லித்தான் தூக்கிப்போனது. நான் மன்னிக்காதவர் அவர்தான். என் அய்யா முத்திருளாண்டி.