ஷாவன்னாவின் அப்பா

இனிஷியல் கிடைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை எடுத்துப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்தது காரியம். ஆனால் இந்தப் பெரியவருக்கு இனிஷியல் இருந்தது, அப்பா பெயர்தான் இல்லை. வால் கையில் இருக்கிறது, மாட்டைக் காணோம்.

இனிஷியல் 'ஷ'. அதனால் பள்ளிக்கூடத்தில் ஷாவன்னா, நாற்பது வருடம் வேலை பார்த்த பூட்டுப் பட்டறையில் ஷாவன்னா, வயதான பிறகு ஷாவன்னா ஐயா. அவருடைய சொந்தப் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர் பத்து நாள் குழந்தையாக ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் விடுதிக்கு வந்து சேர்ந்தவர். அம்மா பிரசவத்தோடு போய்விட்டாள். கூடவே வந்தது பிறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதிய ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு எழுதிய தேதி, வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு, ஆண், தகப்பனார் பெயர் ஷ. அவ்வளவுதான். விடுதி மேலாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய இடத்து விவகாரம். முழுப் பேரையும் சொல்லப் பயந்துட்டாங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். வாய் இருந்தால் போதாதா, வதந்திக்கு? ஷ என்பவர் ஒரு டாக்டர், இல்லை, கப்பல் முதலாளி என்று ஆளுக்கொன்று கிளம்பியது. யார் எதைச் சொன்னாலும் முடிவு மட்டும் ஒன்றுதான்: பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனவன்.

"உங்கப்பன் பேரைக் கேட்டா ஊரே 'ஷ்ஷ்'னு வாயில விரலை வைக்குதேடா" என்று பள்ளியில் பையன்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்பது, பின்னாளில் அவர் சொல்லக் கேட்ட மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

மகள் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவள். வீடு வீடாகப் போய், குழிக்குள் தலையை விட்டு, பாசி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்ணைப் படித்து நோட்டில் ஏற்றுவது அவள் வேலை. தெருவில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர். அப்பாவுக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் ஆறு மாதத்தில் மங்கிவிடும் என்று கண் டாக்டர் சொன்ன அன்று, அவர் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ஆளு நல்லவனா கெட்டவனான்னு எனக்கு வேணாம்மா. கண்ணு இருக்கும்போதே அவன் பேரை எழுத்துல ஒரு தடவை பாத்துடணும். அவ்வளவுதான்."

அவள் தேடாமலா இருந்தாள்? ஏழு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் தேடிக்கொண்டுதான் இருந்தாள். பழைய வாக்காளர் பட்டியல், ஆலைகளின் ஆள் கணக்கு, மருத்துவமனை ஏடு, கல்லறைப் பதிவு என்று ஷ-வில் தொடங்கும் ஆண்பிள்ளை ஒருவரையும் விடவில்லை. இருபத்து மூன்று பேர் தேறினார்கள். ஒருவர் கடைசிவரை பிரம்மச்சாரி. இன்னொருவருக்கு அந்த வருடம் நாலு வயது. மிகவும் நம்பிக்கை கொடுத்த ஒருவர் பந்தயக் குதிரை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

"உங்க தாத்தா சிக்குறதுக்குள்ள நான் தாத்தா ஆயிடுவேன்" என்று அவள் கணவர் கேலி செய்வார். ஆனாலும் சனிக்கிழமை சமையல் அவர் பொறுப்பு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூலப் பதிவேட்டைப் பார்த்தால் ஏதாவது துப்புக் கிடைக்கும். ஆனால் அது ஈரம் பட்டு, தாள்கள் ஒட்டிக்கொண்டு, பழுது பார்க்கப் போயிருந்தது. பதிவு அலுவலகம் ஏழு வருடமாக 'அடுத்த மாதம் வாங்க' என்ற ஒரே பாட்டைப் பாடியது. கண் டாக்டரிடம் போய் வந்த மூன்றாவது வாரம் அங்கிருந்தே தொலைபேசி வந்தது. புத்தகம் வந்துவிட்டது, வந்து பார்க்கலாம்.

"நானும் வர்றேன்" என்றார் அப்பா.

பதிவறை முழுக்கப் பசை வாசம். அங்கிருந்த எழுத்தர் ஐம்பது வயதுக்காரர், காதில் பென்சிலும் கழுத்தில் கண்ணாடியுமாக இருந்தார். பெரியவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, பாய் அகலத்துக்கு இருந்த பதிவேட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து மேசையில் வைத்தார். "மெதுவா திருப்புங்கம்மா. இப்பத்தான் உயிர் வந்திருக்கு அதுக்கு."

மீட்டரம்மா இருநூற்றுப் பதினான்கைக் கண்டுபிடித்தாள். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் அதே ஷ. வாலில் கொஞ்சம் கூடுதலாகச் சுழித்த ஷ. ஏழு வருடம் காத்திருந்தது இதற்குத்தானா என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் கண் சும்மா இருக்கவில்லை, பழக்க தோஷத்தில் கட்டம் கட்டமாக ஓடியது. தாயார் பெயர் கட்டத்திலும் ஷ. தெரு என்ற இடத்திலும் ஷ. பிறந்த தேதியிலும் ஷ.

தேதி எப்படி ஷ ஆகும்?

அவள் பக்கம் முழுவதையும் பார்த்தாள். கீழே ஒரு குழந்தையின் தெரு ஷ. அதற்குக் கீழே ஒரு மருத்துவச்சி ஷ. பக்கமெல்லாம் ஷ சிந்திக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் மீட்டர் நோட்டு ஞாபகம் வந்தது. தெருப் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டு, கீழ் வரிகளில் அவள் இரண்டு சின்னக் கோடு போடுவாள். மேலே உள்ளதேதான் என்று அர்த்தம். தினமும் நூறு தடவை போடுகிற கோடு.

"சார், இது எழுத்தே இல்ல. மேலே பாருன்னு சொல்ற குறி. அப்படித்தானே?"

எழுத்தர் எட்டிப் பார்த்தார். "ஆமா, அது ஷை ஆச்சே. மேற்படின்னு முழுசா எழுதச் சோம்பல்பட்டு அந்தக் காலத்துல இப்படித்தான் சுழிப்பாங்க. பழைய பத்திரமெல்லாம் இதுதான்."

"ஏழு வருஷமா வர்றேனே, ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஏழு வருஷமா ஷ-வில தொடங்குற பேர் இருக்கான்னுதானேம்மா கேட்டீங்க."

சீட்டை எடுத்தெழுதிய மகராசன் குறியையும் எழுத்தென்று எடுத்தெழுதிவிட்டான். அப்பா எண்பத்திரண்டு வருடமாக மேற்படியாரின் மகனாக வாழ்ந்திருக்கிறார். சிரிப்பதா, எழுதியவனைத் தேடிப் போய் நாலு கேள்வி கேட்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் தேடிய மனிதர் ஊர் ஊராக எங்கும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு விரற்கடை மேலே, இருநூற்றுப் பதின்மூன்றில், எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இத்தனை காலமும் இருந்திருக்கிறார்.

"அப்பா, நீங்களே படிங்க."

எழுத்தர் நீட்டிய பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பெரியவர் குனிந்தார். மூக்கு தாளைத் தொட்டது. எழுத்தர் தடுக்கவில்லை.

"கா... லஞ்... சென்ற." நிமிர்ந்தார். "காலஞ்சென்றன்னா போட்டிருக்கு? நான் பொறக்கும்போதே அவரு..."

"ஆமாப்பா. அவர் ஓடிப்போகல."

அதுவரை 'அவன்' என்று சொல்லிவந்தவர் தன்னையும் அறியாமல் 'அவரு' என்றதை மகள் கவனித்தாள். பெரியவர் மறுபடி குனிந்து, எழுத்தெழுத்தாக விரலை வைத்து, அப்பாவின் பெயரை வாசித்தார். ஆறு எழுத்து. ஒரு தடவை வாய்க்குள், ஒரு தடவை சத்தமாக. தொழில், பாலம் கட்டும் வேலை. முத்துப் போன்ற கையெழுத்தில் எல்லாம் துலக்கமாக இருந்தது.

"முதல் எழுத்து 'மா'. இனிமே நீங்க மாவன்னா ஐயா" என்றார் எழுத்தர். மூன்று பேரும் சிரித்தார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் மட்டும் பூதக்கண்ணாடியைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. "அதெல்லாம் சரி. இந்த மேல் வரி யாரோட வரி? என் வரி கீழேதானே இருக்கு?"

அப்போதுதான் மற்ற இருவருக்கும் உறைத்தது. பெயரைத் தேடிய அவசரத்தில் வரி யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதே தகப்பன், அதே தாய், அதே தேதி. அதிகாலை நாலு பத்து, பெண். கீழே, நாலு இருபத்தைந்து, ஆண்.

விடுதி ஆண்பிள்ளைகளுக்கானது. பெண் குழந்தையை எந்த வாசலில் கொண்டுபோய் விட்டார்களோ.

"கால் மணி நேரம் முன்னாடி" என்றார் பெரியவர். அந்த வரியை விரலால் தடவினார். "அக்கா." வீட்டில் எல்லோருக்கும் மூத்தவராகவே இருந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைத் தனக்காகச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

மகள் அவர் தோளைப் பிடித்தாள். "வீட்டுக்குப் போலாமாப்பா? பேரைப் பாத்தாச்சே."

"போறதா?" பெரியவர் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, பொம்பளப் பிள்ளைங்க விடுதிப் புத்தகம் எங்க இருக்கும்? எடுத்தாங்க. எங்கக்காவுக்கும் இப்ப எண்பத்திரண்டுதானே ஆகுது."