துரை வீட்டுக் கூடாரப் பண்டிகை

நீங்கள் இருவரும் மம்சாபுரத்து அத்தை வீட்டில் வளராமல் ராஜபாளையத்தில் என்னிடமே வளர்ந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரை எழுதுகிறேன்.

உங்கள் அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உலகச் சண்டைக் காலம். நான் பஞ்சாலையில் ஃபிட்டர். அங்கே இயந்திரம் மாட்ட வந்திருந்த துரை ஒரு யூதர். அறுப்பு முடிந்ததும் யூதக் குடும்பங்கள் ஏழு நாள் ஓலைக் குடிலில் சாப்பிடுவார்கள். முன்னோர்கள் வனாந்தரத்தில் அப்படி இருந்ததை மறக்காமலிருக்கத்தான். நாம் வேதத்தில் கூடாரப் பண்டிகை என்று வாசிக்கிறோமே, அதுதான்.

குடில் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். தென்னங்கீற்றை நம் வழக்கப்படி நெருக்கி வேய்ந்தேன். துரைசானி பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து நட்சத்திரம் தெரிய வேண்டும், பாதியை உருவு என்றார். மழைக்காலத்தில் இப்படிச் சொல்கிறாரே என்று வேறு சமயமானால் சிரித்திருப்பேன். உருவிப் போட்டேன். கொய்யாவையும் மாதுளையையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். துரை குருத்தோலையையும் ஒரு நார்த்தங்காயையும் சேர்த்துப் பிடித்து, நாலு பக்கமும் அசைத்து ஜெபம் பண்ணினார். விருந்தாளியும் வேண்டுமாம். நம்மை அழைத்தார்கள். துக்க வீட்டுக்காரன் போகலாமா என்று நான் யோசிக்கவில்லை. போனோம்.

அத்தையும் கூட வந்தார். மறுநாள் உங்களை மம்சாபுரத்துக்குக் கூட்டிப்போகத்தான் அவர் வந்திருந்தார். பெண் இல்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு நான் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

சாப்பாட்டின் நடுவில் மழை பிடித்தது. மழை சாப்பாட்டில் விழுந்தால் வீட்டுக்குள் போய்விடலாம் என்பதும் அவர்கள் முறைமைதான். எல்லோரும் தட்டோடு ஓடினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். நனைவது எனக்குத் தெரியவில்லை. சின்னவளே, நீ மட்டும் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

அத்தை வாசலில் நின்று, "ஏட்டி, உள்ள வா. காச்சலாக் கெடந்தா யாரு பாக்குறது?" என்றார்.

"அப்பா வரட்டும். பொறவு வாரேன்" என்றாய்.

"ஏலே, ஒம்புள்ள நனையுது. ஒனக்கு ஒண்ணும் ஒறைக்கலையா?"

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"அக்கா, பிள்ளையள் இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"எம்புட்டு நாளைக்கு?"

"தெரியல."

அத்தை முந்தானையால் உன் தலையைத் துவட்டினார். மறுநாள் காலையில் அவர் மட்டும் பஸ் ஏறினார். நான் அடுப்பு மூட்டி உலை வைத்தேன். சோறு குழைந்துவிட்டது. நீங்கள் இருவரும் சாப்பிட்டீர்கள்.