உதட்டுக்குள் ஒரு காபிப் பை
என் தம்பி கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ துறைமுக வாசல் வரிசையில் மணிக்கணக்காக நின்று பெட்டியை இறக்கிவிட்டு வருவது அவன் பிழைப்பு. தூக்கம் வராமலிருக்க, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே புகையிலைத் தூளை உதட்டுக்குள் அடக்கப் பழகிவிட்டான். நாங்கள் திட்டியதெல்லாம் அவனிடம் எடுபடவில்லை. மகள் பிறந்தபோது முத்தம் கொடுக்கக் குனிந்தவனை, "அந்த வாயோட கொயந்த கிட்ட வராத" என்று அவன் மனைவி தடுத்தாள். அன்றோடு விட்டான்.

விட்டபின் பட்ட பாடு கொஞ்சமில்லை. காரணமில்லாமல் கத்துவான், பிறகு வந்து தலைகுனிந்து உட்காருவான். "வாயி சும்மா கீதுக்கா, அதான் தாங்கல" என்பான்.

சில மாதங்கள் கழித்து, ஒரு காலையில் அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு வட்ட டப்பாவை என் முன்னால் வைத்தாள். உள்ளே வெள்ளை நிறத்தில் சின்னச் சின்னப் பைகள், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"துணி தொவைக்க சொல்லோ பாக்கெட்ல இருந்திச்சு, அண்ணி. மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு." 

போன் போட்டு வரவழைத்தேன். டப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "இது பொகையில இல்லக்கா. காபில கீற சமாச்சாரம் மட்டும்தான். ஒதட்டுக்குள்ள வெச்சா தூக்கம் வராது. கப்பல்ல வேல செய்ற தோஸ்து வாங்கியாந்து குடுத்தான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். உண்மைதான், புகையிலையும் இல்லை, நிகோடினும் இல்லை. அதைச் சொன்னதும் அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்துவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பையில் அந்த டப்பாவையும் அவளே எடுத்து வைத்தாள்.

அடுத்து வந்த ஒரு ஞாயிறு மதியம் அவர்களுக்கு என் வீட்டில் சாப்பாடு. தம்பி துறைமுகத்திலிருந்து நேராக வந்திருந்தான். தண்ணீர் டம்ளரை எடுத்தவன் கை ஆடி, பாதித் தண்ணீர் இலையில் கொட்டியது.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா. நெஞ்சு படபடன்னு அட்ச்சிகினே கீது. காலைலேர்ந்து."

நெற்றியெல்லாம் வியர்வை. ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவன் மனைவி முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குழந்தை மட்டும் ஏதோ மழலை பேசிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தார். புகையிலையை விட்டதையும் காபிப் பை விஷயத்தையும் நான் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை பை வைப்பாய் என்று கேட்டார்.

"கணக்கெல்லாம் இல்லீங்க. ஒண்ணு சப்புன்னு ஆயிட்சின்னா இன்னொண்ணு."

"டீ?"

"வண்டி நிக்கிற எடத்துலல்லாம் குடிப்போம்."

"தூக்கம்?"

அதற்கு அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை, துடிப்புதான் அளவுக்கு மீறி வேகமாக ஓடுகிறது, சாயங்காலம் வரை இங்கேயே படுத்திருக்கட்டும் என்றார். தம்பி மெதுவாகக் கேட்டான்: "பொகையிலய வுட இது மோசமா டாக்டர்?"

"இல்லப்பா. அதை விட்டது பெரிய விஷயம். ஆனா அதைவிடப் பரவாயில்லன்னா, எவ்வளவு வேணா போடலாம்னு அர்த்தம் இல்லையே. காபியா குடிச்சா ரெண்டு டம்ளர்ல போதும்னு வயிறே சொல்லிடும். இது அப்படிச் சொல்லாது. அதுக்கு மேல டீ வேற." பிறகு அவர் பார்வை குழந்தைமேல் விழுந்தது. "டப்பாவை வீட்ல எங்க வைப்பீங்க? இந்த வயசுப் பிள்ளை ஒண்ணை வாயில போட்டுக்கிட்டாலும் ஆபத்து."

தம்பி மனைவி பதறி எழுந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "வூட்ல மிச்ச டப்பா மெத்த மேலதான் கெடந்துச்சு அண்ணி. பீரோ மேல வெச்சிட்டு வந்தேன்." பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "தூக்கிக் கடாசிடலாம்னுதான் பாத்தேன். கடாசிட்டா பழையபடி பொகையிலைக்குப் பூடுவாரோன்னு பயமா கீது."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பயம் நியாயமானதுதான் என்றார். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், எரிச்சல் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், சாப்பிட்ட பிறகு மட்டும், மதியத்துக்குமேல் வேண்டாம், டீயையும் குறைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். படபடப்பு மறுபடி வந்தால் காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார்.

அப்படித்தான் செய்தார்கள். அவள்தான் பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுப்பாள். முதல் வாரம் தலைவலியில் வீட்டையே பேஜாராக்கினான். டப்பா காலியானதும் இன்னொன்று வேண்டுமென்று தோஸ்திடம் கேட்கவில்லை. புகையிலைப் பக்கமும் போகவில்லை.

ஆனால் தூக்கம் இல்லாத வேலை அப்படியேதானே இருந்தது. அதற்கு எந்த டாக்டர் மருந்து எழுத முடியும்? கடைசியில் அவனே வண்டி முதலாளியிடம் போய், ஒரு நடை முடிந்தால் தூங்கிவிட்டுத்தான் அடுத்த நடை என்று சொல்லிவிட்டான். முதலாளி முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்ட அவள் வண்ணாரப்பேட்டைக் கடையொன்றிலிருந்து நைட்டிகளை வாங்கி வந்து ஓரம் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

இப்போது பகலில் அவர்கள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே, "தூங்கினு கீறாரு அண்ணி" என்பாள். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருப்போம்.